ஆமிஷ் வாழ்க்கையைச் சொல்லும் கிறிஸ்தவ நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆமிஷ் மக்கள் யார்? முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவில், பெரும்பாலும் பென்சில்வேனியா, ஒஹாயோ, இண்டியானா மாநிலங்களில் வாழும் கிறிஸ்தவச் சமூகம். கனடாவிலும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்த பிறகு தானே விரும்பி எடுப்பதே செல்லும் என்று 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கிளம்பிய அனபாப்டிஸ்ட் இயக்கத்தின் வாரிசுகள். 1693இல் யாக்கோப் அம்மான் என்ற மூப்பரின் தலைமையில் மற்ற அனபாப்டிஸ்டுகளிடமிருந்து பிரிந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள். இன்று குழந்தைகளையும் சேர்த்து ஏறக்குறைய நான்கு லட்சம் பேர்.

கார் வாங்க மாட்டார்கள், குதிரை வண்டிதான். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு மின்சாரம் இழுக்க மாட்டார்கள். பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. அந்த உரிமையை 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 'இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்' என்று ரோமர் 12:2 சொல்கிறதே, அதை உடை, வண்டி, வீடு எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து வாழ்ந்து பார்ப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'ஆமிஷ் நாவல்' என்று எதைச் சொல்கிறார்கள்?

ஆமிஷ் கிராமத்தில் நடக்கும், பெரும்பாலும் காதல் கதையாக அமைந்த, கிறிஸ்தவப் பதிப்பகங்கள் வெளியிடும் நாவலை. கதாநாயகி தலைக்குல்லாய் போட்ட இளம்பெண்ணாகவோ, கணவனை இழந்த தாயாகவோ, கல்யாணம் தள்ளிப்போன ஆசிரியையாகவோ இருப்பாள். ஊருக்குள் ஓர் இரகசியமோ, பழைய மனக்கசப்போ, வெளியூரிலிருந்து வரும் ஓர் ஆணோ இருப்பான். கெட்ட வார்த்தை வராது. படுக்கையறைக் காட்சி வராது. கடைசியில் விசுவாசமும் கல்யாணமும் ஒன்றாகக் கைகூடும்.

இது எப்போது தொடங்கியது?

பலரும் 1997 என்பார்கள். பெவர்லி லூயிஸ் எழுதிய 'தி ஷன்னிங்' ('சபை விலக்கு' என்று பொருள்) அந்த ஆண்டு வெளிவந்தது. இன்றைய வணிக அலை அங்கிருந்துதான் கிளம்பியது என்பது சரி. ஆனால் வேர் இன்னும் பழையது. 1904, 1905 ஆண்டுகளிலேயே ஹெலன் ரைமன்ஸ்னைடர் மார்ட்டின், மென்னோனைட் (இன்னொரு அனபாப்டிஸ்ட் பிரிவு), ஆமிஷ் பெண்களை வைத்து நாவல்கள் எழுதினார். அவற்றில் இவர்கள் உள்ளிட்ட பென்சில்வேனியா ஜெர்மானியர்கள் மந்தமானவர்களாகவும் கஞ்சர்களாகவும் வருவார்கள். அந்தச் சித்திரிப்பு பொறுக்காமல், ஆமிஷ் குடும்பத்தில் பிறந்த ஜோசப் யோடர் தன் தாயின் கதையை 1940இல் 'ரோசன்னா ஆஃப் தி ஆமிஷ்' என்று எழுதினார். அயர்லாந்துக் கத்தோலிக்கப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தை ஆமிஷ் பெண்ணிடம் வளர்ந்து, தானும் ஆமிஷாகவே வாழ்ந்த உண்மைக் கதை அது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆமிஷ் வாழ்க்கையை வெளியாள் எழுதுவதும், உள்ளிருப்பவர் 'அப்படி இல்லை' என்று பதில் எழுதுவதும் நூறு வருடத்துக்கு மேலாக நடந்துவருகிறது. இன்றைய நாவல்களில் எல்லாம் கேலி போய்ப் பாசம் வந்துவிட்டது. ஆனாலும் எழுதுபவர் பெரும்பாலும் வெளியாள்தான்.

எவ்வளவு விற்கிறது?

2012இல் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட புதிய ஆமிஷ் காதல் நாவல்கள் வந்தன. ஏறக்குறைய நான்கு நாளுக்கு ஒன்று. அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பு இந்த எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தது. பெவர்லி லூயிஸ், வாண்டா பிரன்ஸ்டெட்டர், சிண்டி வுட்ஸ்மால் மூவரும் இந்த வகையின் பெரிய பெயர்கள்.

யார் வாசிக்கிறார்கள்? ஏன்?

பெரும்பகுதி அமெரிக்க சுவிசேஷ சபைப் பெண்கள், அதாவது இயேசுவைத் தனிப்பட்ட முறையில் ஏற்று மனம் மாறுவதை வலியுறுத்தும் சபைகளைச் சேர்ந்தவர்கள். இந்த வாசிப்பை ஆராய்ந்து வேலரி வீவர்-செர்ச்சர் 2013இல் ஒரு புத்தகம் எழுதினார். அவரும் மென்னோனைட் பின்னணி கொண்டவர். அவர் இரண்டு காரணங்களை முன்வைக்கிறார்: எல்லாமே வேகமாகிவிட்ட வாழ்க்கை தரும் களைப்பு ஒன்று, எங்கே திரும்பினாலும் உடலைக் கடைவிரிக்கும் பொழுதுபோக்கு இன்னொன்று. இரண்டிலிருந்தும் ஒதுங்கி நிற்க ஓர் இடம் தேடும் பெண்களுக்கு இந்த நாவல் இடம் கொடுக்கிறது. அம்மாவும் மகளும் பாட்டியும் ஒரே பிரதியை மாற்றி மாற்றிக் கூச்சமில்லாமல் படிக்கலாம்.

இதைத் தப்பித்தல் என்று தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவில் ரொட்டி சுடும் வாசனை வருகிற கதையைத் திறப்பவள் தன் வாழ்க்கையில் எதை இழந்தோம் என்று சரியாகவே தெரிந்து வைத்திருக்கிறாள்.

இந்த நாவல்களின் உண்மையான பலம் என்ன?

முதலாவது, விசுவாசத்தை அன்றாட வேலையாகக் காட்டுவது. சமகால இலக்கிய நாவல்களில் ஜெபம் செய்யும் ஆள் பெரும்பாலும் சந்தேகத்துக்குரியவர், அல்லது உடைந்துபோனவர். இங்கே ஜெபம் செய்துவிட்டுப் பால் கறக்கப் போகிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் தலை குனிந்து மௌனமாக இருக்கிறார்கள். அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. பக்தியுள்ள சாதாரண மனிதர்களைச் சாதாரணமாக எழுதுவது எளிதல்ல. நல்ல ஆமிஷ் நாவல் அதைச் செய்கிறது.

இரண்டாவது, வேலையின் விவரம். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டிக் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்த பிறகு, பெரும்பாலும் நவம்பரை ஒட்டி, செவ்வாய் அல்லது வியாழக்கிழமையில் கல்யாணம் வைப்பார்கள். முந்நூறு பேருக்கு மேல் வருவார்கள். கோழியும் ரொட்டித் துண்டுகளும் சேர்த்துச் செய்யும் 'ரோஸ்ட்', அப்புறம் செலரித் தண்டு. செலரி வேகவைத்தும் வரும், கண்ணாடி ஜாடியில் பூங்கொத்தைப் போல மேசை நடுவிலும் நிற்கும். அவ்வளவு செலரியைக் கடையில் வாங்க மாட்டார்கள். பெண் வீட்டுத் தோட்டத்தில் கோடையிலேயே நட வேண்டும். நிச்சயமான செய்தியையோ இலையுதிர்காலம் வரை வெளியே விடக்கூடாது. அதனால் வேலியோரம் நடந்துபோகும் பக்கத்து வீட்டுப் பெண்மணி தோட்டத்தில் வழக்கத்துக்கு மீறி நீளும் செலரி வரிசைகளைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிடுவாள். 'என்ன, இந்த வருஷம் செலரி ஜாஸ்தியா இருக்கே' என்ற ஒரே வரியில் ஒரு பெண்ணின் இரகசியம், ஊரின் ஆவல், தாயின் சங்கடம் மூன்றும் வந்துவிடுகின்றன. இதை நன்றாக எழுதிய அத்தியாயம் கிடைத்தால் நான் மறுபடி மறுபடி படிப்பேன்.

மூன்றாவது, கட்டுப்பாட்டிலிருந்து பிறக்கும் பதற்றம். ஞாயிறு மாலைப் பாட்டுக் கூட்டம் முடிந்து ஒரு பையன் 'வீடு வரைக்கும் வண்டியில் வருகிறாயா' என்று கேட்பது இந்தக் கதைகளில் பெரிய சம்பவம். தொடுதலே இல்லாமல் பத்துப் பக்கத்துக்கு வாசகரைப் பிடித்துவைக்கும் கலை சும்மா வராது.

இன்னொன்றும் உண்டு: மூத்த பெண்களுக்கு இங்கே இடம் இருக்கிறது. குயில்ட் போர்வை தைக்கக் கூடும் வட்டத்தில் பாட்டிகள் பேசுகிறார்கள், முடிவெடுக்கிறார்கள், தவறும் செய்கிறார்கள்.

சரி, மிகப் பெரிய குறை எது?

ஆமிஷ் உடைக்குள் சுவிசேஷ சபையின் இதயத்தை வைத்துத் தைப்பது. என் பார்வையில் மற்ற குறைகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

பல நாவல்களில் ஒரே காட்சி வரும். கதாநாயகி இராத்திரி விளக்கு வெளிச்சத்தில் தனியாக வேதத்தைத் திறக்கிறாள். வெளியூர்த் தோழியோ மென்னோனைட் உறவினரோ சொன்ன வசனத்தைக் கண்டுபிடிக்கிறாள். இயேசுவைத் தன் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொள்கிறாள், கண்ணீர் வருகிறது, இனி பரலோகம் நிச்சயம் என்று தெரிந்துகொள்கிறாள். அதுவரை அவள் வாழ்ந்த ஆமிஷ் வாழ்க்கை வெறும் சட்டம், இப்போது கிடைத்தது கிருபை. பிஷப் முகம் சுளிக்கிறார்.

ஆனால் பழைய ஒழுங்கு ஆமிஷ் சபைகளில் (மரபைக் கண்டிப்பாகக் காக்கும் பெரும்பான்மைப் பிரிவு) 'நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேன், அது நிச்சயம்' என்று சொல்வதே அகந்தை. தீர்ப்புச் சொல்ல வேண்டியது தேவன். அந்த இடத்தில் நாமே உட்கார்ந்துகொண்டு நமக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் பேசுவது 1 பேதுருவில் வரும் 'ஜீவனுள்ள நம்பிக்கை' பற்றி. கீழ்ப்படிந்து, சபையோடு சமாதானமாக இருந்து, முடிவை அவர் கையில் விட்டுவிடுவது. தன்னைத் தாழ்த்தி ஒப்புக்கொடுக்கும் இந்த மனநிலையை அவர்கள் கெலாசன்ஹைட் என்கிறார்கள். வண்டி, உடை, எட்டாம் வகுப்பு எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

ஆக நாவலாசிரியர் குல்லாயை வைத்துக்கொண்டு அதற்குக் காரணமான விசுவாசத்தை மாற்றிவிடுகிறார். வாசகிக்குத் தன் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமே வேறு உடையில் திரும்பக் கிடைக்கிறது. வேறு விதமாகத் தேவனைத் தேடும் மனிதரைச் சந்திக்கும் வாய்ப்பு போய்விடுகிறது. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் இழப்பு இது.

ஆனால் ஆமிஷ் மக்களுக்குள்ளேயே அப்படி மனம் மாறியவர்கள் உண்டே?

உண்டு. 1960களில் ஒஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டியிலும் வேறு சில இடங்களிலும் 'புதிய ஒழுங்கு ஆமிஷ்' என்ற பிரிவே உருவானது. இரட்சிப்பின் நிச்சயம், வேதப் பாடக் கூட்டங்கள், இளைஞர்களின் ஒழுக்கம் ஆகியவற்றை அவர்கள் வலியுறுத்தினார்கள். குதிரை வண்டியை விடவில்லை. இந்தக் கேள்விக்காகச் சபையை விட்டு வெளியேறியவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் கதையை அந்த இடத்தில், அந்தப் பிளவின் வலியோடு எழுதினால் அது நேர்மையான நாவல். இரண்டு பக்கமும் வேதத்தை நேசிப்பவர்கள். அண்ணன் ஒரு சபை, தம்பி ஒரு சபை. பெரிய நாவலுக்கான மண் அது. அதை விட்டுவிட்டு, பழைய ஒழுங்கு ஆமிஷ் எல்லாரும் கிருபை என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் என்பது போல எழுதுவதைத்தான் குறை சொல்கிறேன்.

சபை விலக்கு இந்த நாவல்களில் வருவது போலத்தான் நடக்குமா?

பாதி சரி. 1693இல் ஆமிஷ் தனியாகப் பிரிந்ததற்கே சபை விலக்கு எவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்ற சண்டை முக்கியக் காரணம். அதனால் நாவலாசிரியர்கள் அதில் கைவைப்பது இயல்புதான்.

'தி ஷன்னிங்' நாவலின் கேட்டி லாப், பரணில் சாட்டின் துணியில் தைத்த குழந்தைச் சட்டையைக் கண்டெடுக்கிறாள். ஆமிஷ் வீட்டில் இருக்கவே கூடாத பளபளப்பு. அதன் வழியாகத் தான் தத்துப்பிள்ளை என்று அறிகிறாள். பிஷப்போடு நடக்க இருந்த கல்யாணம் நின்றுபோகிறது, விலக்கு வருகிறது. அந்தச் சட்டையைக் கையில் எடுக்கும் இடம் வலுவானது. ஒரு துணி ஒரு வாழ்க்கையையே புரட்டிப்போடும் என்று நம்ப முடிகிறது. பெவர்லி லூயிஸின் பாட்டி பழைய ஒழுங்கு மென்னோனைட் வாழ்க்கையை விட்டு வெளியே கல்யாணம் செய்துகொண்டவர் என்பதும் இங்கே நினைவில் வைக்க வேண்டியது.

பல நாவல்கள் குழப்பும் இடம் எது என்றால், ஞானஸ்நானம் எடுக்காத இளைஞன் ஊரை விட்டுப் போனால் அவனுக்கு விலக்கு கிடையாது. வாக்குக் கொடுத்து மீறியவருக்குத்தான் அது. விலக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் சாப்பிட மாட்டார்கள், அவர் கையிலிருந்து பொருள் வாங்க மாட்டார்கள். ஆனால் பேசலாம், உடம்புக்கு முடியாவிட்டால் உதவி செய்யலாம். எத்தனை கண்டிப்பு என்பது ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் அவர் வேறு அனபாப்டிஸ்ட் சபையில் நல்லபடியாகச் சேர்ந்துவிட்டால் விலக்கை எடுத்துவிடுவார்கள்; லங்காஸ்டரில் அப்படி விடுவதில்லை. திரும்பி வந்து முழங்காலிட்டு அறிக்கை செய்தால் எங்கேயும் சேர்த்துக்கொள்வார்கள், பழையதைக் கிளறக்கூடாது.

ஆகவே நிஜமான வேதனை நாவலில் வரும் கதவடைப்பை விட நுட்பமானது. அம்மா மகளுக்குச் சமைத்துத் தனி மேசையில் வைக்கிறாள். அந்தத் தட்டுக்கும் தன் தட்டுக்கும் இடையே இரண்டடி இடைவெளி விட்டு அதை அன்பு என்றே நம்புகிறாள். பிஷப் கத்துவதை விட அந்த இரண்டடியை எழுதுவது கடினம். அதனால்தான் அதிகம் எழுதப்படவில்லை.

ரும்ஸ்ப்ரிங்கா என்றால் கட்டவிழ்த்துவிட்ட ஆட்டம்தானே?

இல்லை. பதினாறு வயதில் தொடங்கி ஞானஸ்நானம் வரை நீளும் இளமைப் பருவத்துக்குப் பெயர் அது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கிறார்கள். வார இறுதியில் நண்பர் குழுவோடு கைப்பந்து, பாட்டுக் கூட்டம். சில குழுக்களில் குடியும் காரும் உண்டு என்பதும் உண்மை. தொலைக்காட்சி அந்தச் சிலரையே காட்டிப் பழக்கிவிட்டது. இந்த விஷயத்தில் கிறிஸ்தவ நாவல்கள் தொலைக்காட்சியை விட எவ்வளவோ நேர்மை. பிள்ளைகளில் 85 சதவீதமோ அதற்கு மேலோ கடைசியில் ஞானஸ்நானம் எடுத்துச் சபையிலேயே தங்கிவிடுகிறார்கள். ஏன் தங்குகிறார்கள் என்பதுதான் நாவலுக்கு நல்ல கேள்வி. ஏன் ஓடுகிறார்கள் என்பதையே எழுதித் தள்ளுகிறார்கள்.

மன்னிப்பு இந்த நாவல்களில் அடிக்கடி வருகிறது. அது நம்பும்படி இருக்கிறதா?

2006 அக்டோபர் 2ஆம் தேதி லங்காஸ்டர் கவுண்டியின் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில் ஓரறை ஆமிஷ் பள்ளிக்குள் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தான். பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். அவனும் தன்னையே சுட்டுக்கொண்டான். சில மணி நேரத்துக்குள் ஆமிஷ் அயலார்கள் அவன் மனைவியின் குடும்பத்தைத் தேடிப்போய், 'உங்கள் மேல் எங்களுக்கு வன்மம் இல்லை' என்று தெரிவித்தார்கள். அவன் அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் ஆமிஷ். உலகமே திகைத்தது. ஆமிஷ் நாவல்களின் பெருவெள்ளம் வந்ததும் அதற்குப் பிந்திய ஆண்டுகளில்தான்.

நாவல்களில் மன்னிப்பு ஒரு அத்தியாயத்தில் முடிந்துவிடும். பிரசங்கம் கேட்பாள், மனம் இளகும், அவ்வளவுதான். அந்தச் சம்பவத்தை ஆராய்ந்து 2007இல் புத்தகம் எழுதிய மூன்று ஆய்வாளர்கள் வேறு சித்திரம் தருகிறார்கள். பழிவாங்க மாட்டேன் என்ற முடிவை உடனே எடுத்துவிடுகிறார்கள். உள்ளே எரிவது அடங்க வருடக்கணக்கில் ஆகிறது. முடிவை அவர்கள் தனியாக எடுப்பதும் இல்லை. பரமண்டல ஜெபத்தை வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, தன்னைத் துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து மூழ்கும்போது திரும்பிப் போய்க் காப்பாற்றி, அதனாலேயே பிடிபட்டு 1569இல் எரிக்கப்பட்ட டிர்க் வில்லம்ஸின் கதையைக் குழந்தையிலிருந்தே கேட்டுக் கேட்டு, ஊரே சேர்ந்து அந்தப் பழக்கத்தில் ஊறியிருக்கிறது. நாவல் அதை ஒரு பெண்ணின் மனப்போராட்டமாகச் சுருக்கும்போது நானூறு வருடப் பயிற்சி காணாமல் போகிறது.

நாவல்களில் எல்லாரும் விவசாயம்தான் செய்கிறார்கள். நிஜத்தில்?

பெரிய குடியிருப்புகள் பலவற்றில் விவசாயம் செய்யும் குடும்பத்தலைவர்கள் இப்போது சிறுபான்மை. நிலத்தின் விலை ஏறிவிட்டது, பிள்ளைகள் அதிகம். வடக்கு இண்டியானாவில் பல ஆமிஷ் ஆண்கள் வீட்டு வசதியுள்ள சுற்றுலா வண்டிகள் செய்யும் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஹோம்ஸ் கவுண்டியில் மரச்சாமான் பட்டறைகள். லங்காஸ்டரில் கட்டட வேலை, கடைகள், சுற்றுலாப் பயணிகள். தொழிற்சாலைச் சம்பளம் வாங்கும் அப்பா, மதிய உணவுப் பெட்டியோடு அதிகாலையில் வேன் ஏறுகிறார். பால் கறக்கப் பிள்ளைகளுக்குப் பசு இல்லை. இந்த வீட்டுக்குள் நடப்பதை எழுதிய நாவலுக்காகக் காத்திருக்கிறேன்.

எதைப் பேசாமல் விடுகிறார்கள்?

சிறார் மீதான பாலியல் கொடுமையை. சில சமூகங்களில் அதைக் குற்றமாகப் போலீசிடம் கொண்டுபோகாமல் பாவமாகச் சபையில் அறிக்கை செய்ய வைத்து, சில வாரம் விலக்கி, மன்னித்து, பாதிக்கப்பட்ட பெண்ணையும் மன்னிக்கச் சொல்லி முடித்திருக்கிறார்கள். இது பத்திரிகைப் புலனாய்வுகளிலும் நீதிமன்றங்களிலும் வெளிவந்த விஷயம். மன்னிப்பைப் போற்றும் இலக்கியம் மன்னிப்பு தவறான கையில் என்னவாகும் என்று பார்க்க மறுப்பது பெரும் தவறு. இந்த வகையை நேசிக்கும் நாமே இதைக் கேட்க வேண்டும்.

இன்னொன்று நோய். சில குடும்பங்களின் வழிவந்த சிறு கூட்டம் தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டு வந்ததால் சில அரிய மரபணு நோய்கள் இவர்களிடம் அதிகம். 1989இல் லங்காஸ்டர் கவுண்டியில் இதற்கென்றே சிறப்புக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. பொதுவாக வெளிக் காப்பீடு எடுக்க மாட்டார்கள். சபை நிதியும் ஏலங்களும்தான் மருத்துவச் செலவைத் தாங்குகின்றன. பிறந்த குழந்தைக்கு நோய் என்று தெரிந்ததும் ஊர் எப்படித் திரள்கிறது என்பது இந்த நாவல்கள் விரும்பும் எல்லாவற்றையும் கொண்ட கதை. ஆனாலும் களஞ்சியம் எரிந்து மறுபடி எழும்புவதையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்.

அட்டைப் படங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் சரியில்லை. மை தீட்டிய கண், திருத்திய புருவம், குல்லாய்க்கு வெளியே காற்றில் பறக்கும் முடி. லங்காஸ்டர்ப் பெண்களின் குல்லாய்க்குப் பின்புறம் இதய வடிவம் உண்டு. ஒஹாயோ, இண்டியானா பக்கத்து மத்திய மேற்கு மாநிலங்களில் மடிப்பு மடிப்பாக இருக்கும். லங்காஸ்டர் வண்டியின் கூரை சாம்பல் நிறம். ஒஹாயோ, இண்டியானாவில் கறுப்பு. பென்சில்வேனியாவின் கிஷக்கோகிலஸ் பள்ளத்தாக்கில் மட்டும் வெள்ளை, மஞ்சள், கறுப்பு என்று மூன்று குழுவுக்கு மூன்று நிறம். ஒஹாயோக் கதைக்குச் சாம்பல் வண்டியைப் போட்டால், உள்ளேயும் அவ்வளவு அக்கறைதான் இருக்கும் என்று சந்தேகப்படலாம்.

ஆமிஷ் பெண்களே இவற்றைப் படிக்கிறார்களா? எழுதுகிறார்களா?

படிப்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் ரசிக்கிறார்கள், சிலருக்குத் தங்கள் வாழ்க்கையைப் பிறர் விற்பது பிடிக்கவில்லை. எழுதுபவர்களும் இருக்கிறார்கள். லிண்டா பைலர் ஆமிஷ் சபை உறுப்பினராக இருந்துகொண்டே நாவல்கள் எழுதுகிறார். அவர் கதைகளில் பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள், பணக் கவலை வருகிறது, பெண்கள் உடையின் நிறத்துக்காக ஏங்குகிறார்கள். சபை யாரையும் விடுவிக்க வேண்டிய சிறை போலத் தெரிவதில்லை; வானிலை போல எப்போதும் கூடவே இருக்கிறது. வெளியாள் எழுதியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சில பக்கங்களிலேயே தெரிந்துவிடும்.

நல்ல ஆமிஷ் நாவலை எப்படி அடையாளம் காண்பது?

பிஷப்பைப் பாருங்கள். அவர் வெறும் முட்டுக்கட்டையாக வந்தால் எழுத்தாளருக்குச் சபை தெரியாது. ஆமிஷ் ஊழியர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படித் தெரியுமா? சபையார் பெயர் சொன்ன ஆண்கள் வரிசையாக உட்காருவார்கள். அவர்கள் முன் பாட்டுப் புத்தகங்கள் வைக்கப்படும். ஒன்றில் மட்டும் வசனம் எழுதிய சீட்டு இருக்கும். ஆளுக்கு ஒன்றாக எடுத்துத் திறக்க வேண்டும். 'சீட்டு மடியிலே போடப்படும். காரியசித்தியோ கர்த்தரால் வரும்' என்ற நீதிமொழியை அப்படியே நம்புகிறார்கள். யாருக்குச் சீட்டு வந்ததோ அவர் சாகும்வரை சம்பளமில்லாத ஊழியர். பயிற்சி கிடையாது, மறுக்க முடியாது. பெண்கள் பக்கம் அழுகை கேட்கும், அவர் மனைவி அழுவார். பிஷப் என்பவர் முதலில் இப்படிச் சீட்டு வந்தவர், பிறகு இன்னொரு சீட்டில் பிஷப் ஆனவர். இதை அறிந்த எழுத்தாளரின் பிஷப் களைத்த மனிதராக, தான் கேட்காத பாரத்தைச் சுமப்பவராக இருப்பார்.

அடுத்து, இராப்போஜனம் என்ற திருவிருந்து ஆராதனைக்கு முன் நடக்கும் ஆலோசனைக் கூட்டம் கதையில் வருகிறதா என்று பாருங்கள். வருடத்தில் இரண்டு முறை ஒவ்வொரு உறுப்பினரும் தேவனோடும் சபையோடும் சமாதானமாக இருப்பதாகச் சொல்ல வேண்டும். சமாதானம் இல்லையென்றால் இராப்போஜனமே தள்ளிப்போகலாம். அண்ணன் தம்பி இருவரின் நிலத் தகராறு நூற்றைம்பது பேரின் இராப்போஜனத்தை நிறுத்திவிடும் ஊர்! இதைவிடப் பெரிய கதைக்களத்தைக் களஞ்சியத் தீயில் தேட வேண்டியதில்லை.

புதிதாகப் படிக்க வருபவர் எதிலிருந்து தொடங்கலாம்?

'ரோசன்னா ஆஃப் தி ஆமிஷ்' முதலில். பழைய நடைதான், ஆனால் தாயைப் பற்றி மகன் எழுதியது. அப்புறம் 'தி ஷன்னிங்'. இந்த அலையின் பலமும் குறையும் இரண்டும் அதிலேயே இருக்கின்றன. மூன்றாவதாக லிண்டா பைலர். இந்த மூன்றுக்குப் பிறகு மற்றவற்றை நீங்களே எடைபோட்டுவிடுவீர்கள்.

நாவல் தவிர ஆமிஷ் மக்களின் சொந்தக் குரல் கேட்க வழி உண்டா?

உண்டு. ஒஹாயோவின் சுகர்கிரீக் ஊரிலிருந்து 1890 முதல் 'தி பட்ஜெட்' என்ற வாரப் பத்திரிகை வருகிறது. ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் ஒருவர் கடிதம் எழுதுவார்: எந்த வீட்டில் ஆராதனை நடந்தது, யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் ஏணியிலிருந்து விழுந்தார், மழை பெய்ததா. 1964இல் தொடங்கிய பாத்வே என்ற ஆமிஷ் பதிப்பகம் கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து குடும்பங்களுக்கும் இளைஞர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தனித்தனி மாத இதழ்கள் வெளியிடுகிறது. அவற்றில் வரும் கதைகள் நீதிக்கதை மாதிரி நேராகப் பேசும். காதல் குறைவு, கீழ்ப்படிதல் அதிகம். ஆமிஷ் மக்கள் தங்களுக்காக எழுதிக்கொள்ளும்போது எதைக் கதையாக நினைக்கிறார்கள் என்று அவற்றில் தெரியும். சந்தா கட்டினால் 'தி பட்ஜெட்' வெளியாட்களுக்கும் தபாலில் வரும்.